சத்தம் போடக் கூடாத கோயில்

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். அந்தப் பேராலயத்தில் வரத்தை மறுக்கப் பூசாரிகூடத் தேவைப்படவில்லை. காதில் ஒரு கருவியைச் செருகிக்கொண்டு நீலக் கோட்டுப் போட்ட காவலாளி ஒருவரே போதுமாக இருந்தார். மாதா என்னவோ கையை விரித்துக்கொண்டு வா வா என்றுதான் நிற்கிறாள். அவளுக்கும் எங்களுக்கும் நடுவே கயிறு கட்டி, 'அமைதி காக்கவும்' என்று பலகை வைத்தவனை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

என் பெயர் கினுயோ. ஜப்பானில் கியூஷுவுக்கு மேற்கே ஒரு சின்னத் தீவில் மீன் கடை வைத்திருக்கிறேன். ஏலக் கூடத்தில் ஆண்பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கத்தினாலும் என் குரல் தனியாகக் கேட்கும். "உன் பொண்டாட்டி கரையில பேசுனா எங்களுக்கு நடுக்கடல்ல கேக்குதுடா" என்று என் வீட்டுக்காரர் தமொட்சுவைக் கேலி செய்யாத ஆள் எங்கள் துறையில் கிடையாது. அவருடைய அக்கா மிட்சுனோ எனக்கு நேர் எதிர். குனிந்து காதைக் கொடுத்தால்தான் பேசுவது கேட்கும். நான் அண்ணி என்று கூப்பிடுவேன்.

அந்த அண்ணியின் தொண்டையில்தான் கட்டி வந்தது. என் தொண்டையில் வந்திருந்தால் ஊரே அரிசி இடித்து மொச்சிப் பலகாரம் செய்து வீட்டுக்கு வீடு பங்கு வைத்திருக்கும். வாயே திறக்காத மனுஷிக்கு வந்தது. கடவுளுக்கே இது அடுக்குமா?

மறுநாள் காலையில் ஆபரேஷன். குரல்வளையை முழுசாக எடுத்துவிடுவார்கள். உயிர் நிற்கும், குரல் போய்விடும். டாக்டர் இதைச் சொன்னபோது அண்ணி அழவில்லை. "அதுக்கு முன்னாடி ஒரு இடத்துக்குப் போய்ட்டு வந்துடலாமா?" என்று மட்டும் கேட்டார். ஆஸ்பத்திரி இருந்த அதே துறைமுகப் பட்டணத்தில், மேட்டின் மேல் இருந்தது அந்த இடம். சாயந்தரச் சாப்பாட்டுக்குள் படுக்கைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள். கடையைத் தமொட்சு பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு வந்திருந்தேன், அதனால் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஏன் அந்தப் பேராலயம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தீவுக் கிறிஸ்தவர்கள் இரண்டு வகை. வேதத்துக்குத் தடை இருந்த காலத்தில் எல்லாருமே ஒளிந்துதான் ஜெபித்தார்கள். தடை போனதும் என் பிறந்த வீட்டார் கோயிலுக்குத் திரும்பிப் பூசை, ஜெபமாலை என்று ஆகிவிட்டார்கள். அண்ணியின் வீட்டார் திரும்பவில்லை. முப்பாட்டன் எப்படி ஒளிந்து ஜெபித்தானோ அப்படியேதான் நாங்களும் என்று இருந்துவிட்டார்கள். சாமியார்கள் படகேறி வந்து சொல்லியும் கேட்கவில்லை. அவர்களிடம் ஒரு நீண்ட ஜெபம் இருந்தது. பாதி வார்த்தை எந்த தேசத்து வார்த்தை என்று யாருக்கும் தெரியாது, பாதி இன்றைக்கு யாரும் பேசாத எங்கள் தீவுப் பழம்பேச்சு. அதை உதடு மட்டும் அசையச் சொல்லுவார்கள். பக்கத்தில் படுத்திருக்கிற பூனைக்குக்கூடக் கேட்காது.

என் மாமனாருக்கு அது முழுசாகத் தெரியும். வழக்கமாக மகனுக்குத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். இவர் அண்ணிக்குச் சொல்லிக்கொடுத்தார். சாகக் கிடந்தபோது அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒளிஞ்சு ஒளிஞ்சே சொல்லித் தீர்த்துட்டோம். நீயாவது ஒரு தடவை அந்தப் பெரிய கோயில் மாதா காதுல விழுற மாதிரி வாய்விட்டுச் சொல்லிடும்மா" என்றார். தடை இருந்த கடைசி நாட்களில் வெளிநாட்டுச் சாமியார் ஒருவர் அந்த மாதாவைக் கொண்டுவந்து வைத்தார் என்று கேள்விப்பட்டு அவர்கள் வீட்டு முன்னோர் ஒருவர் படகில் போனாராம். துறைமுகத்தில் சிப்பாய்களைப் பார்த்ததும் வந்த வழியே படகைத் திருப்பிவிட்டாராம். அன்றிலிருந்து அந்த மாதாவுக்கு ஒரு ஜெபம் பாக்கி என்று அந்த வீட்டில் பேச்சு.

அண்ணி சரி என்று அப்பாவுக்குத் தலையாட்டியதோடு சரி. படுக்கையில் கிடந்த தன் மாமியாரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது, பிறகு புருஷன் போனார், பிறகு வெறும் கூச்சம். அடுத்த வருஷம் பார்க்கலாம், அடுத்த வருஷம் பார்க்கலாம். கடைசியில் அடுத்த நாள்கூட இல்லாமல் போயிற்று. போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாமா என்று நான் கேட்டதற்கு, "அது பாட்டு இல்ல கினுயோ. ஒருத்திகிட்ட பேசறது" என்று சொல்லிவிட்டார்.

மேட்டுச் சாலை முழுக்க கேக் கடைகள். குச்சியில் குத்தி, ருசி பாருங்கள் ருசி பாருங்கள் என்று நீட்டினார்கள். அண்ணிக்கு எச்சில் விழுங்கவே வலி. நான் அவருடைய பையையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினேன்.

டிக்கெட் ஜன்னலில் இருந்த பெண் பூப்போலச் சிரித்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். நாளைக்கு ஆபரேஷன் என்றேன், குரல் போய்விடும் என்றேன், மாதா முன்னால் கொஞ்ச நேரம் வாய்விட்டு ஜெபம் சொல்ல வேண்டும் என்றேன். அவள் முகம் வாடியது. உண்மையிலேயே வாடியது, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

"ரொம்ப மன்னிக்கணும்மா. உள்ள சத்தமா ஜெபம் பண்ண அனுமதி இல்லீங்க. மத்த பார்வையாளர்களுக்குத் தொந்தரவா இருக்கும்."

"கோயில்ல ஜெபம் பண்ணா தொந்தரவா?"

"இது பாரம்பரியக் கட்டடம்மா. ஜெபத்துக்குக் கீழ புதுக் கோயில் இருக்கு. அங்க தாராளமாப் பண்ணலாம். இங்கதான் வேணும்னா ரெண்டு வாரம் முன்னாடியே விண்ணப்பம் கொடுக்கணும்."

"நாளைக்குக் காலையில தொண்டைய அறுக்கப் போறாங்கன்னு சொல்றேன். ரெண்டு வாரம் கழிச்சு இவங்க எதால ஜெபம் சொல்லுவாங்க? மூக்காலயா?"

"ரொம்ப மன்னிக்கணும்மா" என்று அவள் மறுபடியும் குனிந்தாள்.

எங்களுக்குப் பின்னால் கப்பலில் வந்த உல்லாசப் பயணக் கூட்டம் நெருக்கியது. அண்ணி என் முழங்கையைத் தொட்டு, "டிக்கெட் வாங்கிடு. எல்லாரையும் போல உள்ள போவோம்" என்றார். பிறந்ததுமே ஞானஸ்நானம் பெற்றவள் நான். பெற்ற தாயைப் பார்க்க டிக்கெட் வாங்குகிற நிலைமை வந்ததே என்று புழுங்கிக்கொண்டே வாங்கினேன். சுற்றுலாக்காரிகள் இரண்டு பேர் உள்ளே போனோம்.

உள்ளே அழகாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் வந்து பெஞ்சுகளின் மேல் சிவப்பும் நீலமுமாக விழுந்திருந்தது. கொடி பிடித்த வழிகாட்டி முன்னே போக, தொப்பி போட்ட கூட்டம் கயிற்றுக்குள்ளே வரிசையாக நகர்ந்தது. பள்ளிச் சுற்றுலாப் பிள்ளைகள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விட்டார்கள். கூரையிலிருந்து ஒரு பெண் குரல் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டே இருந்தது. ஒளிந்து வாழ்ந்த கிறிஸ்தவர்களின் கதையை உருக உருகச் சொன்னது. "அவர்கள் தங்கள் ஜெபங்களை உரக்கச் சொல்ல முடியாமல் தவித்தார்கள்" என்று சொன்னபோது நான் தலையைத் தூக்கி அந்த ஒலிபெருக்கியைப் பார்த்தேன். அதற்கு நேர் கீழேதான் 'அமைதி காக்கவும்' பலகை இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பலகையைப் பிடுங்கி மீன் நறுக்கலாம் போலிருந்தது.

மாதா வலது பக்கத்துச் சிறு பீடத்தில் நின்றாள். அண்ணி அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு கயிற்றுக்குப் பக்கத்தில், நடைபாதையிலேயே மண்டியிட்டார். பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவன் அண்ணியின் தலைக்கு மேலாக மாதாவை மட்டும் ரசிக்க எட்டி எட்டிப் பார்த்தான். அண்ணி வாயைத் திறந்தார். முதல் வார்த்தை காற்றாக வந்தது. இரண்டாவது வார்த்தைக்குக் கொஞ்சம் சத்தம் சேர்ந்தது.

"அம்மா, மன்னிக்கணும்."

அவர்தான் நீலக் கோட்டு. மார்பில் ஷிமோதா என்று பெயர்ப் பட்டை குத்தியிருந்தார். ஐம்பது வயசிருக்கும், தலைமுடியைப் படிய வாரியிருந்தார். இடுப்பை வளைத்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார். மெதுவாகப் பேசினால் எதையும் பேசலாம் என்று இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு நினைப்பு.

"இங்க மண்டி போட்டா வழி அடைபடுதுங்க. வாய்விட்டுச் சொல்றதும் கூடாது."

அண்ணி உடனே வாயை மூடிக்கொண்டார். எழுந்தும்விட்டார். அந்த அடக்கம்தான் எனக்குத் தாங்கவில்லை.

"ஏங்க, அவங்க ஜெபம்தானே சொல்றாங்க? ஒளிஞ்சு வாழ்ந்தவங்க வீட்டு ஜெபம். மேல அந்தம்மா யாரைப் பத்தி உருகிக்கிட்டு இருக்காங்களோ அவங்க வீட்டுப் பொண்ணுங்க இவங்க!"

ஷிமோதாவின் முகம் மலர்ந்தது. "ஓ, அந்த ஜெபமா! அது பக்கத்துக் கண்காட்சி அறையில இருக்கும்மா. பொத்தானை அமுக்கினா கேக்கலாம். ரொம்பத் தெளிவாப் பதிவு பண்ணியிருக்காங்க."

"கேக்க வரலைங்க! சொல்ல வந்திருக்கோம்!"

கொட்டாவி விட்ட பிள்ளைகள் எல்லாம் திரும்பினார்கள். ஷிமோதா உதட்டில் விரலை வைத்தார். எனக்கு, அறுபத்தாறு வயசுக்காரிக்கு, உதட்டில் விரல்! என் மாமியார்கூட என்னை அப்படி அடக்கியதில்லை.

இங்கேதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் பிறந்த ஊரில் சொல்லுவார்கள்: அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் ஜெபம் நடந்தால் வாசலில் ஒருத்தி உரலைப் போட்டு இடிப்பாளாம். உள்ளே ஜெபச் சத்தம், வெளியே இடிச் சத்தம். தெருவில் போகிற சிப்பாய்க்கு இடிதான் கேட்கும். உள்ளே இருப்பவர்கள் தைரியமாகச் சொல்லி முடிப்பார்கள். சின்ன வயசில் அந்த உரல்காரிகளின் கதையைக் கேட்டு நான் மயங்கியிருக்கிறேன். இன்றைக்கு என்னிடம் உரல் இல்லை. ஆனால் தொண்டை இருக்கிறது.

"அண்ணி, நீங்க இங்கயே இந்தத் தூண் ஓரமா நில்லுங்க. கொஞ்ச நேரத்துல கூட்டம் கலையும். கலைஞ்சதும் ஆரம்பிச்சிடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"என்ன பண்ணப் போறே?" என்று அண்ணி கேட்டார். நான் பதில் சொல்லாமல் வெளியே போய்விட்டேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. ஒரு நிமிஷம் நின்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

முன்வாசல் படிக்கட்டின் உச்சியில் நின்றேன். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டேன்.

"யாரு இங்க பொறுப்பு? சாமியாரைக் கூப்பிடுங்க! இந்தக் கோயிலுக்குச் சாமியார்னு ஒருத்தர் இருக்காரா, இல்ல அவரையும் கண்ணாடிப் பெட்டியில போட்டு வெச்சிருக்கீங்களா?"

கீழே கேக் கடைக்காரர்கள் குச்சியோடு நிமிர்ந்து பார்த்தார்கள். ஷிமோதா ஓடிவந்தார். "அம்மா, அம்மா, உள்ள அலுவலகத்துல உட்காந்து பேசலாம்."

"உட்கார மாட்டேன்! இருநூத்தம்பது வருஷம் ஒளிஞ்சு கெடந்தாங்க, அப்ப அரசாங்கம் வாயை மூடச் சொல்லிச்சு. இப்ப கோயிலே வாயை மூடச் சொல்லுது! செத்தவங்க ஜெபத்துக்குப் பொத்தான் வெச்சிருக்கீங்க, உசுரோட இருக்கறவ ஜெபம் சொன்னா வழி அடைபடுதா? எந்த ஊரு நியாயம்ங்க இது? மாதாவே வந்து மண்டி போட்டாலும் நகரு நகருன்னுதான் சொல்லுவீங்க!"

டிக்கெட் ஜன்னல் பெண் ஓடிவந்தாள். துடைப்பத்தோடு ஒரு கிழவர் வந்தார். கொடிக்காரி தன் கூட்டத்தை வேறு பக்கம் திருப்பப் பார்த்தாள். கூட்டமோ கொடியை விட்டுவிட்டு என்னைப் பார்க்க வந்தது. பிள்ளைகள் கதவை முட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஆளாளுக்குப் போனைத் தூக்கினார்கள். வண்ணக் கண்ணாடியைப் படம் பிடிக்கக் கூடாதாம், மீன்காரியைப் பிடிக்கலாம். நன்றாகப் பிடியுங்கள் என்று இன்னும் நிமிர்ந்து நின்றுகொண்டேன். உள்ளே காலியாகிக்கொண்டிருந்தது. எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். சொல்லுங்க அண்ணி, சொல்லுங்க, உங்க உரல்காரி நிக்கறேன் என்று மனசு குதித்தது. ஏலக் கூடத்தில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை.

ஷிமோதா வியர்த்துப்போய், "எங்களுக்கும் விதின்னு ஒண்ணு இருக்கும்மா" என்றார்.

"விதியா? எங்க வீட்டு விதி உங்களுக்குத் தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். அதற்குள் ஜனங்களை விலக்கிக்கொண்டு அண்ணி வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

நான் கத்துவதை நிறுத்தினேன். அவர் பக்கம் போய், "சொல்லிட்டீங்களா?" என்று காதோரம் கேட்டேன்.

அண்ணி தலையை ஆட்டினார். இல்லை என்று.

"ஏன்? ஆளே இல்லையே உள்ள?"

அண்ணி படியிறங்கி என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். மதிலோரம் கல் பெஞ்சில் உட்கார்ந்தோம். வேடிக்கை முடிந்தது என்று கூட்டம் கலைந்து இறங்கிப் போயிற்று. அண்ணி ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

"பாதி வரைக்கும் சொன்னேன் கினுயோ. நல்லா சத்தமாவே வந்துச்சு. அப்புறம் உன் குரல் கேட்டுச்சு. வாய் தானா மூடிக்கிச்சு."

"என் குரல் கேட்டா என்ன?"

"எங்க வீட்டுல தமொட்சுதான் வாசல்ல காவல். அப்பா உள்ள ஜெபம் சொல்லுவாரு, நான் பக்கத்துல இருப்பேன். வெளியாள் யாராவது வந்தா தமொட்சு வாளியைத் தட்டுவான். நம்ம வீட்டு ஆள் வாசல்ல சத்தம் போட்டா நிறுத்தணும். எந்த வார்த்தையில இருந்தாலும் அந்த இடத்துலயே நிறுத்தணும். மறுபடி முதல்ல இருந்து. அப்படியே பழகிட்டேன். எழுபது வயசாச்சு, புத்தி இது கினுயோ குரல்தான்னு சொல்லுது, வாய் கேக்க மாட்டேங்குது."

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. ஒரே தீவு. நடுவில் ஒரே ஒரு மலை. அந்தப் பக்கம், என் பிறந்த ஊரில், சத்தம் போட்டால் ஜெபம் சொல்லலாம். இந்தப் பக்கம் சத்தம் போட்டால் ஜெபத்தை நிறுத்த வேண்டும். நாற்பது வருஷம் அந்த வீட்டில் வாழ்ந்திருக்கிறேன். என் புருஷன் வாளி தட்டிய கதையை ஒரு நாளாவது கேட்டேனா? அவரைப் பேசவிட்டால்தானே தெரியும்! உள்ளே ஷிமோதா நிறுத்தியபோது இரண்டு வார்த்தையோடு போயிற்று. நான் நிறுத்தியதுதான் பாதி ஜெபம். பாவி, நானே அவர் வாயை மூடிவிட்டேன்.

"வாங்க, திரும்ப உள்ள போவோம். நான் பேசறேன்" என்று எழுந்தேன்.

ஜன்னலில் பலகையைத் திருப்பி மாட்டிவிட்டார்கள். கடைசி அனுமதி முடிந்துவிட்டது. ஒருமுறை வெளியே வந்தவர்கள் மறுபடி போக முடியாதாம். டிக்கெட் பெண் என்னைப் பார்த்ததும் திரையை இழுத்தாள். நான் செய்த கூத்துக்கு அவள் போலீஸைக் கூப்பிடாததே பெரிது. என் மேலும் கோபம், அவர்கள் மேலும் கோபம். யார் மேல் அதிகம் என்று தெரியாமல் அங்கேயே நின்றேன்.

திரும்பிப் பார்த்தால் அண்ணி பெஞ்சில் இல்லை. படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தார். ஒரு படிக்கு ஒரு மூச்சு. நான் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டேன். முன்கதவு இன்னும் திறந்திருந்தது. கடைசியாக இருந்த சிலர் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கதவுக்கு நேரே நின்றால், இருட்டுக்குள்ளே வலது பக்கமாக, மாதாவின் விரித்த கைகள் தெரிந்தன.

"இங்கேருந்தே சொல்லிடறேன்" என்றார் அண்ணி. "இன்னும் ஒரு தடவைக்குத்தான் தொண்டை வரும். அதுக்கு மேல வராது."

"சொல்லுங்க அண்ணி."

"நீ மட்டும் வாயைத் திறக்காதே. என்ன நடந்தாலும் திறக்காதே. உன் குரல் கேட்டா நான் நின்னுடுவேன்."

நான் தலையாட்டினேன். அதற்குக்கூட வாயைத் திறக்கவில்லை.

அண்ணி ஆரம்பித்தார். முதலில் கரகரவென்று வந்தது. பிறகு எங்கிருந்தோ ஒரு குரல் எழுந்தது. நாற்பது வருஷத்தில் நான் கேட்டே இராத குரல். கனமான, ஆண்பிள்ளைக் குரல் போன்ற குரல். இதையா இந்த மனுஷி இத்தனை காலம் விழுங்கி வைத்திருந்தார்? வார்த்தை ஒன்றும் எனக்குப் புரியவில்லை. உடம்பு மட்டும் சிலிர்த்துக்கொண்டே இருந்தது.

அப்போது கூரை ஒலிபெருக்கி கரகரத்தது. மூடும் நேரம் ஆகிவிட்டது, வருகைக்கு நன்றி, மறந்த பொருட்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்தப் பெண் குரல் குழைந்தது. அண்ணியின் குரல் அதற்குக் கீழே போய் மறைந்து மறுபடி மேலே வந்தது. நிற்கவில்லை. உள்ளேயிருந்து ஷிமோதா சாவிக்கொத்தோடு வந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கக் கதவை இழுத்து மூடினார். மாதாவின் ஒரு கை மறைந்துபோனது.

என் நாக்கு நுனியில் ஆயிரம் வார்த்தை வந்து நின்றது. அத்தனையும் சரியான வார்த்தை. பல்லைக் கடித்துக்கொண்டேன். மறு கதவில் அவர் கை வைத்ததும், போய் அவர் முன்னால் நின்றேன்.

"அம்மா, தயவுசெஞ்சு. கதவை மூடணும்."

நான் குனிந்தேன். தலை முழங்காலைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தேன். என் கல்யாணத்தில்கூட அப்படிக் குனிந்ததில்லை. ஒரு கிழவி குனிந்தால் எந்த மனுஷனும் பதிலுக்குக் குனியாமல் இருக்க முடியாது. அவரும் குனிந்தார். நிமிர்ந்து பார்த்தார். நான் நிமிரவில்லை. பெரியவள் குனிந்திருக்க அவர் நிமிர்ந்து நிற்க முடியுமா? மறுபடி குனிந்தார். மறுபடி பார்த்தார். சாவிக்கொத்து அவர் கையில் கிணுங்கியது. நான் அப்படியே கிடந்தேன். இடுப்பு விண்ணென்று தெறித்தது, மூக்கிலிருந்து வியர்வையோ கண்ணீரோ சொட்டியது. என் உதட்டில் விரலை வைத்த ஆளின் பளபளக்கும் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தேன். கோபம் தணியவில்லை. கொஞ்சம்கூடத் தணியவில்லை. தணிந்திருந்தால் அத்தனை நேரம் குனிந்து நின்றிருக்க முடியாது.

ஒலிபெருக்கி ஓய்ந்தது. அண்ணியின் குரல் மட்டும் இருந்தது. அது பாதி திறந்த கதவு வழியாக உள்ளே போய், காலி பெஞ்சுகளைத் தாண்டி, அங்கே எதிலோ பட்டுத் திரும்பி வந்தது. ஷிமோதாவின் பூட்ஸ் அசையவில்லை. அந்த ஜெபம் எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முடிவில் குரல் உடைந்து உடைந்து வந்தது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே மூச்சு மட்டும் கேட்டது. நின்றுவிடாதே, நின்றுவிடாதே என்று நான் பல்லுக்குள் கெஞ்சினேன். பிறகு ஆமென் என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்கும் புரிந்தது.

அண்ணியின் கை என் முதுகில் விழுந்தது. நிமிர்த்திவிட்டார். ஷிமோதாவும் நிமிர்ந்தார். அவர் அண்ணியை நேராகப் பார்க்காமல் கதவை மெதுவாக, சத்தம் வராமல் மூடினார்.

அண்ணியின் முகம் வியர்த்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். குரல் இல்லை, நூல் மாதிரி ஏதோ வந்தது. நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"முடிஞ்சுது" என்றார். "இப்ப கத்து."

அதுதான் அண்ணியின் வாயிலிருந்து நான் கடைசியாகக் கேட்டது. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குத் திரும்பிய பிறகும் அவர் பேசவில்லை. மறுநாளிலிருந்து பேச முடியவில்லை.

நான் வாயைத் திறந்தேன். பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு, மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, திறந்தேன். நடுக்கடல் வரை கேட்கும் என் தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.